வாகனப் பராமரிப்பு: பொலிஷ் கொடுப்பதும் எடுப்பதும்

விளக்கீட்டுக்கு முதல்நாள் குத்துவிளக்கைக் கழற்றி, பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்குவது எம்மவர் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அப்பாச்சி மினுக்கிய விளக்கை இன்று பேத்தி மினுக்குகிறாள். ஒவ்வொரு முறையும் கறுத்துப்போன மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் தேய்ந்து போகிறது. ஆயினும் விளக்கு உள்ளும் புறமும் பித்தளை. எத்தனை தலைமுறை தேய்த்தாலும் உள்ளிருந்து வேறொன்று தலைகாட்டப் போவதில்லை.

முலாம் பூசிய காப்பை அப்படித் தேய்த்துப் பார்க்க எவரும் துணியமாட்டார்கள். நாலு தடவை தேய்த்தால் உள்ளே இருக்கும் செம்பு தெரிந்துவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வாசலில் நிற்கும் கார் இவ்விரண்டில் எதைப் போன்றது? விளக்கைப் போன்றது என்று எண்ணியே பலரும் அதற்குப் பொலிஷ் போடுகிறார்கள். இன்றைய கார் முலாம் பூசிய காப்பைப் போன்றது. இந்த வேறுபாட்டை அறியாமையால் நல்ல கார்கள் பல, அக்கறையுள்ள கைகளாலேயே கெட்டுப் போகின்றன.

ஓர் உதாரணம்

கனடாவில் ஒரு குடும்பத்தில் நடப்பதாக வைத்துக்கொள்ளலாம். பெரியவர் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் கார் வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பொலிஷ் டின்னும் பழைய சாரத்துண்டுமாக வேலையைத் தொடங்கினால், மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவார். துண்டிலே காரின் நிறம் ஒட்டியிருக்கும். காரோ கண்ணாடி போல இருக்கும். பிற்காலத்தில் பிள்ளைகளோடு வந்து சேர்ந்ததும், மகன் வாங்கிய கருநீலக் காரையும் அதே அக்கறையோடு கவனித்தார். கடையில் 'கொம்பவுண்ட்' என்று எழுதிய போத்தலை வாங்கி, கோடை காலத்தில் மாதம் ஒரு தடவை தவறாமல் தேய்த்தார்.

நான்காவது வருடம் பொனற்றின் மடிப்பு விளிம்பில் வெள்ளையாக ஒரு திட்டு விழுந்தது. அடுத்த வருடம் அது உள்ளங்கை அளவாகி, வெயிலில் எரிந்த தோல் போல உரியத் தொடங்கியது. கராஜ்காரர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இதற்குப் பொலிஷ் ஒன்றும் செய்யாது, பொனற் முழுவதையும் உரசி மறுபடியும் பெயின்ற் அடிக்கவேண்டும் என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு மகன் மௌனமானார்.

"தம்பி, ஒரு மாதமும் விடாமல் பொலிஷ் போட்டேனே, பிறகு எப்படி இது வந்தது?" என்று பெரியவர் கேட்டார்.

போட்டதனால்தான் வந்தது. அவருடைய அக்கறையில் பிழையில்லை, கைப்பழக்கத்திலும் பிழையில்லை. அவர் பழகிய கார் வேறு, இந்தக் கார் வேறு.

பழைய பெயின்றும் புதிய பெயின்றும்

மோட்டார் கார் தோன்றிய காலத்தில் குதிரை வண்டிக்குப் பூசிய வார்னிஷையே காருக்கும் பூசினார்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்து முடிய வாரக்கணக்காகும். 1920களில் அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவனம் நைட்ரோசெலுலோஸ் என்னும் பொருளிலிருந்து விரைவில் காயும் 'டூக்கோ' என்ற பூச்சை ஆக்கிற்று. 1924ஆம் ஆண்டு மாதிரியான ஓக்லண்ட் கார்களுக்கு நீல நிறத்தில் இது பூசப்பட்டபோது, வாரக்கணக்கான வேலை நாட்கணக்கில் முடிந்தது. ஆனால் இப்பூச்சு காய்ந்தவுடன் மங்கலாகவே இருக்கும். தேய்த்து மினுக்கினால்தான் ஒளிரும். ஆகவே அந்நாளில் பொலிஷ் என்பது பெயின்ற் வேலையிலேயே ஒரு பகுதியாக இருந்தது.

அதன்பின் எனாமல், அக்ரிலிக் என்று பூச்சுகள் மாறின. எனினும் பல காலமாக ஒன்று மாறவில்லை: மேலிருந்து அடிவரை ஒரே நிறப்பூச்சு. வெயில்பட்டு மேற்பரப்பு வெளிறிச் சுண்ணாம்புத் தூள் போலானால், அந்த இறந்துபோன படலத்தைத் தேய்த்து எடுக்க, கீழேயிருந்து அதே நிறம் புதிதாக வெளிவரும். துணியில் நிறம் ஒட்டுவதும் அதனால்தான். பெரியவரின் மொறிஸ் மைனர் இந்த வகையைச் சேர்ந்தது. அது கிட்டத்தட்டக் குத்துவிளக்குத்தான். அதுவும் எல்லையில்லாதது அல்ல. ஆயினும் தேய்ப்பதற்கு இடம் இருந்தது.

1980களில் இந்த முறை பரவலாக மாறியது. இன்று தொழிற்சாலையை விட்டு வெளியேறும் காரின் இரும்புத் தகட்டின்மேல் பொதுவாக நான்கு படலங்கள் இருக்கும். முதலாவது, துருவைத் தடுக்க மின்சாரத்தின் உதவியால் படியவைக்கும் அடிப்பூச்சு. அதன்மேல் மேடுபள்ளத்தைச் சமன்செய்யும் பிரைமர். மூன்றாவது, காருக்கு நிறம் கொடுக்கும் வர்ணப்பூச்சு. இது மிக மெல்லியது. தன்னளவில் மினுக்கமும் இல்லாதது. நான்காவது, நிறமே இல்லாத மேற்பூச்சு. கராஜ்காரர் 'கிளியர் கோட்' என்று சொல்வது இதனைத்தான். காரில் காணும் பளபளப்பு முழுவதும் இந்த மேற்பூச்சினுடையது. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களைத் தடுத்து வர்ணத்தைக் காப்பாற்றும் இரசாயனப் பொருட்களும் இதில்தான் கலந்திருக்கின்றன.

இப் படலங்கள் நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரோன் தடிப்பு. ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரணமாகத் தட்டச்சுக்குப் பயன்படும் காகிதம் ஒன்று ஏறத்தாழ 100 மைக்ரோன் தடிப்புள்ளது. ஆகவே காரின் பூச்சு முழுவதும் சேர்ந்தாலும் ஒரு காகிதத்தின் தடிப்புத்தான், அல்லது சற்றே கூட. அதில் மேற்பூச்சின் பங்கு பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரோன், அதாவது அக் காகிதத்தில் பாதி. காரின் அழகும் காவலும் அந்தப் பாதிக் காகிதத்தில் அடங்கியிருக்கின்றன.

மினுக்கம் எங்கிருந்து வருகிறது?

சமனான பரப்பில் விழும் ஒளி, கண்ணாடியில் விழுந்தது போல ஒரே ஒழுங்கில் திரும்பி வரும். பார்ப்பவர் முகம் அதில் தெரியும். பரப்பில் கீறல்கள் இருந்தால் ஒளி பல திசைகளிலும் சிதறும். நிறம் மங்கலாகத் தெரியும். நிறம் போய்விட்டது என்று பலர் கவலைப்படுவது உண்மையில் ஒளி சிதறுவதைத்தான்.

வெயிலில் கறுப்புக் காரின் பொனற்றைப் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை போல வட்டவட்டமாகக் கீறல்கள் தெரியும். வட்டமாகத் துடைத்ததனால் வந்தவை என்று பலர் கருதுவதுண்டு. உண்மையில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. அவற்றுள் ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. இவற்றுட் பெரும்பாலானவை தூசியோடு உலர்ந்த துணியால் துடைத்ததனாலும், அழுக்கான ஸ்பொஞ்சினால் கழுவியதனாலும், சுழலும் தூரிகைகள் கொண்ட கழுவுமிடங்களாலும் ஏற்பட்டவை.

பொலிஷ் இந்தக் கீறலை நிரப்புவதில்லை. அதில் அலுமினியம் ஒக்சைட்டு போன்ற கடினமான நுண்துகள்கள் எண்ணெயிலும் நீரிலும் கலந்திருக்கின்றன. அவை கீறலைச் சுற்றியுள்ள பரப்பை அராவி, கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. வயலில் ஒரு பள்ளம் இருந்தால், மண்போட்டு நிரப்பாமல் வயல் முழுவதையும் பள்ளத்தின் ஆழத்துக்கு வெட்டி இறக்குவதை இதற்கு ஒப்பிடலாம். முடிவில் வயல் சமனாகத்தான் இருக்கும். ஆனால் மண் போனது போனதுதான்.

மென்மையான பொலிஷை ஒருமுறை கையால் போடும்போது போவது ஒரு மைக்ரோன் அளவோ, அதனிலும் குறைவோதான். கடுமையான கொம்பவுண்டை மெஷினில் வைத்துத் தேய்த்தால் ஒரே தடவையில் சில மைக்ரோன்கள் போய்விடும. மடிப்புகளிலும் விளிம்புகளிலும் தொடக்கத்திலிருந்தே பூச்சு மெல்லியதாக இருக்கும். தேய்க்கும் கையின் அழுத்தமும் அங்கேதான் கூடுதலாக விழும். பெரியவரின் காரில் முதல் வெள்ளைத் திட்டு மடிப்பில் வந்த காரணம் இதுவே. மேற்பூச்சு அளவுக்கு மேல் மெலிந்தால் புறஊதாக் கதிர் அதனைக் கடந்து வர்ணப்பூச்சைத் தாக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள பிடிப்பு விட்டுப்போகும்; மேற்பூச்சு உரியும். அந்நிலை வந்தபின் எந்தப் போத்தலாலும் பயனில்லை.

அப்படியானால் பொலிஷ் வேண்டாத பொருளா? அல்ல. மங்கிப்போன காருக்கு அதைப்போல நன்மை செய்வது வேறில்லை. ஆனால் அது வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுப்பது போன்றது. வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில் எடுக்கலாம். கணக்கில் மீண்டும் போட வழியில்லை என்பதை மறக்கக்கூடாது.

பொலிஷ் வேறு, மெழுகு வேறு

கடைகளில் எல்லாப் போத்தல்களும் ஒரே தட்டில் இருப்பதால் குழப்பம் ஏற்படுகிறது. கொம்பவுண்ட், பொலிஷ், கீறல் நீக்கி என்பவை எடுப்பவை. மெழுகு, சீலன்ட், செரமிக் என்பவை மேலே படிந்து காப்பவை. 'கிளீனர் வக்ஸ்' என்று விற்பவற்றில் இரண்டும் கலந்திருக்கும். அதையும் அடிக்கடி போடக்கூடாது.

மெழுகுகளுள் பெயர்பெற்றது கர்னோபா. இது பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது. வெயிலில் நீர் இழந்து போகாமலிருக்க அந்த மரம் தன் ஓலைமேல் தானே பூசிக்கொள்ளும் காவல் அது. 80 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும். காரின்மேல் மெல்லிய படலமாக நின்று, தண்ணீரை முத்துமுத்தாக உருட்டிவிடும். பறவை எச்சம், மரப்பிசின் முதலியவை நேரே மேற்பூச்சில் படாமல் தடுக்கும். ஆனால் சில வாரங்களில், கூடினால் இரண்டு மூன்று மாதங்களில் கரைந்துவிடும். செயற்கைச் சீலன்ட் அதைவிடக் கூடுதலாக நிற்கும். சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட செரமிக் பூச்சு இன்னும் நீண்டகாலம் நிற்கும். எனினும் தெறிக்கும் கல்லை அதுவும் தடுக்காது. மெழுகு கீறலைப் போக்காது. பொலிஷ் காவல் தராது. பொலிஷ் போட்டுவிட்டு மெழுகு பூசாமல் விடுவது, வீட்டைக் கூட்டிவிட்டுக் கதவைத் திறந்துபோட்டுப் போவதற்குச் சமம்.

பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு

நாட்டுக்குப் புதிதாக வந்த குடும்பங்கள் பெரும்பாலும் பாவித்த காரையே முதலில் வாங்குகின்றன. விற்பனைக்கு நிற்கும் காரின் மினுக்கத்தைக் கண்டு மயங்குவது இயல்பு. சிலவகைப் பொலிஷில் கீறல்களுக்குள் புகுந்து அவற்றை மறைக்கும் எண்ணெய்ப் பொருட்கள் உண்டு. மூன்று நாலு தடவை கழுவியதும் எண்ணெய் போய், கீறல்கள் எல்லாம் திரும்பி வந்துவிடும். ஆகவே காரை மழையிலோ, கூரைக்குக் கீழோ, இரவு விளக்கிலோ பார்த்து முடிவு செய்யக்கூடாது. வெயிலில் நிறுத்திப் பார்க்கவேண்டும். பொனற்றின் மடிப்புகள், கூரை, கதவுப் பிடிகளின் சுற்றுப்புறம் ஆகியவற்றில் வெள்ளை மங்கல் இருக்கிறதா என்று கவனிக்கவேண்டும். பூச்சின் தடிப்பை அளக்கும் சிறு கருவி வைத்திருப்பவர் எவராவது இருந்தால் கூட்டிச் செல்வது நன்று. ஓரிடத்தில் மட்டும் 300 மைக்ரோனுக்கு மேல் காட்டினால், அங்கே மறுபடி பெயின்ற் அடித்திருக்கிறார்கள், அல்லது அடியில் நெளிவு மறைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் சாதாரணக் கருவி காட்டுவது மொத்தத் தடிப்பையே. மேற்பூச்சு எவ்வளவு மீதியுண்டு என்பதை அது தனியாகச் சொல்லாது.

வாகன பூசையின் பின்

புதுக்காருக்குப் பூசை செய்விப்பது எம்மவர் மரபு. பூசை முடிந்ததும் பொனற்றில் திருநீறு, சந்தனம், குங்குமம் இருக்கும். வீட்டுக்கு வந்தபின் அவற்றை உலர்ந்த துணியால் துடைப்பதில்தான் ஆபத்து. குத்துவிளக்கை மினுக்கப் பயன்படுவதும் சாம்பல், திருநீறும் சாம்பல். உலர்ந்தபடி துடைத்தால் புதுக்காரின் முதற்கீறல் அன்றைக்கே விழும். தேசிக்காய்ச் சாறு பட்டிருந்தால் அதன் புளிப்பு வெயிலில் காயவிடக்கூடாதது. தண்ணீரைத் தாராளமாக ஊற்றி ஓடவிட்டு, பின்பு சவர்க்கார நீரால் மெதுவாகக் கழுவுவதே முறை. பொட்டை முன்கண்ணாடியின் ஓரத்தில் வைத்தால் இன்னும் நல்லது. கண்ணாடி பெயின்றைவிடக் கடினமானது. கர்ப்பூரத் தட்டைப் பொனற்றின்மேல் வைக்காமல் கையில் ஏந்திக் காட்டுவது நன்று.

செய்யவேண்டியவை

பனிக்காலம் முடிந்ததும் வீதியில் தூவிய உப்பெல்லாம் போகும்படி, காரின் அடிப்பாகம் உட்பட நன்றாகக் கழுவவேண்டும். இரண்டு வாளி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றில் கார் ஷம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். அழுக்கான துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷம்பூவில் தோய்க்கவேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தை நாளாந்தம் பாவித்தால் மெழுகும் சேர்ந்து போய்விடும்.

கழுவி உலர்ந்தபின் வெயிலில் பார்க்கவேண்டும். மங்கலோ கீறலோ இல்லையென்றால் பொலிஷ் தேவையில்லை. மெழுகு மட்டும் போதும். கீறல் இருந்தால் நகத்தால் குறுக்கே தடவிப் பார்க்கலாம். நகம் தடக்கினால் அது ஆழமானது. அதைத் தேய்த்துப் போக்க முற்பட்டால் மேற்பூச்சே போய்விடும். அதனை அப்படியே விட்டு, தகடு தெரிந்தால் மட்டும் துருப்பிடிக்காமல் சிறு தூரிகையால் அதே நிறப் பெயின்ற் தொடுவது உத்தமம்.

பொலிஷ் போடுவதென்று முடிவானால், மிக மென்மையானதிலிருந்து தொடங்கவேண்டும். நிழலில், தகடு சூடில்லாத நேரத்தில், இரண்டடிச் சதுரமான ஓரிடத்தில் மட்டும் போட்டுப் பார்த்து, அது போதுமென்றால் கடுமையானதை நாடவேண்டியதில்லை. மடிப்புகளையும் விளிம்புகளையும் விட்டுவிடவேண்டும்; கராஜில் மெஷின் பிடிப்பவர்கள் அவற்றின்மேல் ஒட்டுநாடா ஒட்டிக்கொள்வது இதற்காகவே. வெள்ளைத் துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது பழைய முறைப் பூச்சாக இருக்கலாம். ஆனால் மேற்பூச்சுள்ள காரென்று தெரிந்திருந்தும் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்தவேண்டும். மேற்பூச்சு அவ்விடத்தில் முடிந்துவிட்டது.

ஒழுங்காகக் கழுவும் காருக்கு வருடத்தில் ஒருதடவைக்கு மேல் பொலிஷ் வேண்டியதில்லை. பல கார்களுக்கு அதுகூட வேண்டாம். மெழுகை வசந்தத்தில் ஒருதடவையும், பனி விழுமுன் ஒருதடவையும் பூசவேண்டும். மெல்லியதாகப் பூசினாற் போதும். பறவை எச்சத்தைக் கண்டவுடன் தண்ணீர்விட்டு ஊறவைத்து எடுக்கவேண்டும், சுரண்டக்கூடாது. பனியைத் தும்புத்தடியாலோ சவளாலோ பொனற்றிலிருந்து தள்ளுபவர்கள், கோடையில் அந்தக் கீறலைப் போக்கப் பொலிஷ் தேடுவார்கள். பெயின்ற் வீணாவது அப்படித்தான் தொடங்குகிறது.

உதாரணத்தில் வந்த பெரியவரின் வீட்டில் பொனற்றுக்கு மறுபடி பெயின்ற் அடிக்கப்பட்டது. அதன்பின் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் துணியோடு வெளியே வந்தால், மகன் அவர் கையில் மெழுகு டின்னைத்தான் கொடுக்கிறார். அதுவும் வருடத்தில் இரண்டு நாள். மற்ற ஞாயிறுகளில் கைகள் சும்மா இருக்கமாட்டா என்பதால், வீட்டிலுள்ள விளக்குகள் எல்லாம் இப்போது அவர் பொறுப்பு.

அடுத்த இதழில்: வீதி உப்பும் காரின் அடித்தகடும்.